மொட்டுக்காரி

மிளகு பறிக்கிற மாதத்தில் சீனத்துச் சிங்ஷி மலைக்காரர்களுக்கு உதடு இருந்தும் இல்லாத மாதிரிதான். குழம்பில் போடுகிற கருமிளகு அல்ல இது. முள்மரத்தில் காய்க்கிற செம்மிளகு. ஒரு மணியைக் கடித்தால் போதும், உறைப்பு ஏறுவதற்கு முன்பே உதடு தானாகத் துடிக்க ஆரம்பித்துவிடும். நாக்குக்குள் யாரோ தம்பூரா மீட்டுகிற மாதிரி இருக்கும். பறிக்கிற விரல்களுக்கும் அதே கதி. தேநீர்க் கோப்பையைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு கீழே போடுவார்கள். கடைவாயில் எச்சில் ஒழுகுவது தெரியாமல் அரசியல் பேசுவார்கள். இதற்காக யாரும் டாக்டரிடம் ஓடியதில்லை. சிரித்துவிட்டு அடுத்த கிளையை வளைப்பார்கள்.

அன்று காலையில் ஷுபினும் அப்படித்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் இப்போது அவளைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். காலையில் அவள் வைத்த நூடுல்ஸை ரெண்டு வாய் உறிஞ்சிவிட்டு அவள் புருஷன் யோங்லூ கிண்ணத்தை முறைத்துப் பார்த்தான்.

"என்ன, மிளகே போடலயா?"

"கண்ணத் தொறந்து பாரு. எண்ணெய் மேல மிதக்குது."

"மிதக்குது சரி. வாயில துடிக்கலையே. பாதி வாய் சும்மா கெடக்கு."

இப்படி ஒரு வார்த்தையை மலையில் வேறு யாராவது ஷுபினிடம் சொல்லியிருந்தால் கிண்ணம் பறந்திருக்கும். யார் தோட்டத்து மிளகு முதல் தரம், யாருடையது போன வருஷத்துச் சரக்கு என்று வியாபாரிகளே அவள் நாக்கைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். அவள் கையால் தாளித்த எண்ணெயில் துடிப்பில்லையாம்!

"எண்ணெயில கொறை இல்லய்யா. ஒன் வாயில மொட்டெல்லாம் ஓய்ஞ்சுபோச்சு. நேத்து பூரா பறிச்சேல்ல? களைச்சுத் தூங்குது. ரெண்டு நாள்ல முழிச்சுக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

யோங்லூ அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனும் சிரித்துவிட்டு, மிச்சத்தை உறிஞ்சி முடித்து எழுந்து போனான்.

மொட்டு விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் செங்டு நகரத்திலிருந்து ஒரு கல்லூரிக் கூட்டம் வந்தது. உதட்டில் மிளகைத் தடவி, விரல் நுனியில் அதிர்கிற குச்சி ஒன்றை வைத்து, "உதட்டுத் துடிப்பும் குச்சித் துடிப்பும் ஒண்ணா இருக்கா? கூட்டவா, குறைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊரில் மற்றவர்களெல்லாம் பொறுமையிழந்து பாதியில் எழுந்து போக, ஷுபின் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து பதில் சொன்னாள். போகும்போது அவளுக்குத் தனியாக விளக்கினார்கள். நரம்பு என்பது நூல் மாதிரி. தோலுக்கு அடியில் அது முடிகிற நுனியில் கண்ணுக்குத் தெரியாத மொட்டுகள் இருக்கின்றன. சில மொட்டுகள் வெங்காயம் போலத் தோல்மேல் தோலாகச் சுற்றியவை. யாராவது தொட்டால், தட்டினால், அதிர்ந்தால், அந்த மொட்டுதான் மேலே மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகு எண்ணெய் தொடவும் இல்லை, தட்டவும் இல்லை; தட்டியதாக நரம்பு நுனியை நம்பவைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஊரில் யாருக்குக் கால் குத்தினாலும் முதுகு பிடித்தாலும் ஷுபினிடம் ஒரு மொட்டு தயாராக இருந்தது. மொட்டுக்காரி என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமை. நுனிப்புல் மேய்ந்த மாடு என்று பக்கத்துத் தோட்டத்து லெங் அத்தை முணுமுணுப்பாள். பொறாமையில் சொன்னதுதான், ஆனால் பொய்யில்லை.

வெயில் ஏறியதும் பாய்களை விரித்தார்கள். செம்மிளகு ஒரே நாள் வெயிலில் காய்ந்து வாய் பிளந்து கறுப்பு விதையைத் துப்ப வேண்டும். அப்போதுதான் சிவப்பு நிற்கும். நடுவில் மழை தொட்டாலோ, மனுஷன் கை பட்டாலோ கறுத்துவிடும். அதனால் மூங்கில் குச்சியால்தான் கிளறுவார்கள். மேற்கே மேகம் ஒன்று மலைத்தோளில் உட்கார்ந்துகொண்டு வரவா போகவா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஷுபின் மேகத்தை ஒரு பார்வை பார்ப்பாள், புருஷனை ஒரு பார்வை பார்ப்பாள். இரண்டும் சரியில்லை என்று தோன்றியது.

யோங்லூ சாப்பிட்டு எழுந்ததிலிருந்து மரத்தடியில் வெட்டிப்போட்ட முள்கிளைகளை இழுத்துப் போட்டுவிட்டு இப்போதுதான் பாயருகே வந்திருந்தான். குச்சியால் கிளறினான். குச்சி கீழே விழுந்தது. எடுத்தான், கிளறினான், மறுபடி விழுந்தது.

"என்னய்யா ஆச்சு ஒனக்கு?"

"வெரலு மரத்துப்போச்சு. மிளகுதான்."

"எந்த வெரலு?"

"வலது கைதான். கிளையப் பிடிக்கிறது இடது, பறிக்கிறது வலது. பின்ன இடதா மரக்கும்?"

நியாயமான பதில். ஊரில் எல்லோருக்கும் வலது கைதான் மரக்கும். அதே கையால்தான் வாயைத் துடைப்பார்கள், அதனால் வலது உதடு மரப்பதும் நியாயம்தான். ஷுபின் தன் மனதுக்குள் இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது. பொருந்தியும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குப் போனாள், பாதியில் திரும்பி வந்தாள். தன் உதட்டைக் கடித்துப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் துடித்தது.

லெங் அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி ஷுபின், நீயும் ஆட்டுக்குட்டி மாதிரி அவன் பின்னாடியே திரியிற? ஒரே வீட்ல ஒருத்தருக்குக் காது குழைஞ்சிருந்தா போதாதா?"

பெண்டாட்டி சொல் கேட்கிறவனைக் குழைந்த காதுக்காரன் என்பது அங்கே வழக்கம். யோங்லூவை அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவனுக்குக் கோபமே வராது. காதைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பான். இன்றைக்கும் சிரித்தான். சிரிப்பு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் ஏறாமல் நின்றது போல ஷுபினுக்குத் தெரிந்தது. வெயிலில் கண் கூசியதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"அத்தே, அவரு மூஞ்சியப் பாருங்க. நேரா இருக்கா?"

"அவன் மூஞ்சி என்னைக்குடி நேரா இருந்துச்சு? கல்யாணத்தன்னைக்கே நான் ஒங்கம்மாகிட்ட சொன்னேன்."

அத்தை கெக்கெக்கே என்று சிரித்தாள். ஷுபினுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மணி இருக்கும், அவள் தம்பி தாஜூன் வேனை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். காய்ந்த சரக்கைச் சாயங்காலம் சந்தைக்கு ஏற்றிப் போவது அவன் வேலை. முன்கூட்டியே வந்தால் மத்தியானச் சோறு கிடைக்கும் என்பது அவன் கணக்கு.

"என்ன மாமா, குச்சியக் கீழ போட்டுப் போட்டு வெளையாடுறீங்க?" என்று கேட்டபடியே அவன் குனிந்து அதை எடுத்துக் கொடுக்கப் போனான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "மாமா, கையில என்ன ரத்தம்?"

யோங்லூ தன் கையைத் திருப்பிப் பார்த்தான். நடுவிரல் நுனியில், நகத்துக்கும் சதைக்கும் நடுவே, மிளகு முள் ஒன்று பாதிக்குமேல் உள்ளே ஏறியிருந்தது. ரத்தம் உள்ளங்கை வரை வழிந்து, பாயிலும் சொட்டியிருந்தது. சிவப்பு மிளகின்மேல் சிவப்பு ரத்தம், யார் கண்ணிலும் படவில்லை.

"அட! எப்ப ஏறுச்சு?" என்றான் யோங்லூ, வேறு யாருடைய கையையோ பார்ப்பவன் போல.

மிளகு விரலை மரக்க வைக்கும், உண்மை. ஆனால் மிளகு முள் நகக்கண்ணில் ஏறினால் மரத்த விரல்காரனும் மலை அதிரக் கத்துவான். அவளே போன வாரம் கத்தினாள். அந்த மலையில் அந்த முள்ளுக்குக் கத்தாத ஆள் பிறக்கவில்லை.

அவள் ஓடிப்போய்ப் பக்கத்து மரத்திலிருந்து பச்சை மணிகள் இரண்டைப் பறித்து வந்தாள்.

"வாயத் தொற."

"எதுக்குடி?"

"தொறய்யா! மென்னு. நல்லா மென்னு, ரெண்டு பக்கமும் தள்ளி மென்னு."

யோங்லூ மென்றான். காதுதான் குழைந்த காதாயிற்றே. தாஜூன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பறித்த சூட்டோடு மெல்லுகிற மிளகு எப்படிப்பட்டவனையும் துள்ள வைக்கும்.

"எங்க துடிக்குது?"

"இந்தப் பக்கம்." இடது கையால் இடது கன்னத்தைக் காட்டினான். கண்ணில் நீர் வந்திருந்தது, அவ்வளவு துடிப்பு.

"அந்தப் பக்கம்?"

யோங்லூ நாக்கைச் சுழற்றித் தேடினான். ரொம்ப நேரம் தேடினான். வலது கடைவாயில் பச்சை எச்சில் ஒழுகியது, அவன் துடைக்கவில்லை.

"அந்தப் பக்கம் வாயே இல்ல, ஷுபின்" என்றான்.

மிளகுக்கு வலது இடது தெரியாது. வாய்க்குள் போட்டால் போன இடமெல்லாம் தட்டும். தட்டியும் பாதி வாய் எழுந்திருக்கவில்லை என்றால், அது களைப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. ஷுபினின் அப்பா இப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனார்.

"தாஜூன், வண்டிய எடு."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. கீழ, டவுனுக்கு."

"அக்கா, முள்ளுக்கா? நான் பிடுங்கிடுறேன். மேகத்தப் பாத்தியா? இப்ப வண்டிய எடுத்தா சரக்க யாரு அள்ளுறது? ஒரு வருஷத்து வெள்ளாம..."

"வெள்ளாம அடுத்த வருஷம் வரும்டா! எடுடான்னா!"

யோங்லூவும் சேர்ந்துகொண்டான். "பாய மூடிட்டுப் போலாம். ஒரு நாள் மிளகுக்கு எதுக்கு இந்த..." அடுத்த வார்த்தை குழறியது. அது அவனுக்கே கேட்டது.

லெங் அத்தை வேலியை நீக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "போங்கடா. நான் அள்ளிக்கிறேன். என் சரக்கு நனைஞ்சாலும் ஒன் சரக்க அள்ளிப்புடுறேன், போ" என்று ஷுபினை முதுகில் பிடித்துத் தள்ளினாள்.

மலைப்பாதையில் வேன் இறங்கியது. தாஜூன் வளைவுக்கு வளைவு ஹாரனை அழுத்தினான். பின்சீட்டில் யோங்லூ சாய்ந்து உட்கார்ந்திருக்க, ஷுபின் அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் பேரச் சொல்லு" என்பாள். சொல்வான். அடுத்த வளைவில் மறுபடி, "என் பேரச் சொல்லு." "சொன்னேனேடி" என்பான். அவளுக்குக் கண்ணை மூடினால் காலை நூடுல்ஸ் கிண்ணம்தான் வந்து நின்றது. பாதி வாய் சும்மா கெடக்கு. அவன் வாய்விட்டுச் சொன்னானே. நாசமாய்ப் போன மொட்டு! அவள் அப்போதே மிளகை மெல்லச் சொல்லியிருந்தால்? காலை முழுக்க மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளே.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. நெற்றியில் வியர்வையோடு ஓடி வந்தாள். குண்டூசியால் யோங்லூவின் கன்னத்திலும் விரல்களிலும் குத்திக் குத்திக் கேட்டாள். ஸ்கேன் எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தாள். பிறகு இவர்களிடம் வந்து, வேகமாக, ஆனால் புரிகிற மாதிரிச் சொன்னாள்.

"மூளைக்குப் போற சின்னக் குழாய்ல அடைப்பு. ரத்தக் கசிவு இல்ல, அது நல்லது. அடைப்பக் கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சதுலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான். அதத் தாண்டிப் போட்டா கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். எப்ப ஆரம்பிச்சுது?"

"பத்து மணிக்கு" என்றான் தாஜூன் பட்டென்று. "நான் வரும்போது. குச்சியக் கீழ போட்டாரு, நானே பாத்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்தது அதுதான்.

ஷுபின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று தாண்டி முள் நகர்ந்துகொண்டிருந்தது. பத்து மணி என்றால் ஊசி நிச்சயம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஊசி ஏறிவிடும், அவள் சிரித்தது எவருக்கும் தெரியாமல் போய்விடும். நூடுல்ஸ் சாப்பிட்டது எத்தனை மணிக்கு? ஏழா, அதற்கும் முன்பா? பறிக்கிற நாளில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? வெயில் வாசலுக்கு வரவில்லை, அது தெரியும். சொன்னால் ஊசி போய்விடுமோ. சொல்லாவிட்டால் ஊசியே அவனைக் கொன்றுவிடுமோ.

"காலையிலயே" என்றாள். "நூடுல்ஸ் திங்கும்போது. பாதி வாயில துடிப்பு இல்லன்னு சொன்னாரு டாக்டர். நான்தான் மிளகுன்னு நெனச்சுட்டேன். சிரிச்சுட்டேன்."

தாஜூன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா!"

"எத்தனை மணி இருக்கும்?"

"வெயில் வாசலுக்கு வரல. ஏழு இருக்கும்."

டாக்டரம்மாவின் உதடு அசைந்தது, மனதுக்குள் கணக்குப் போட்டாள். "ஏழுன்னா இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. பிடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டபடியே ஓடினாள்.

ஷுபின் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொல்லியும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகவில்லை! நன்றி சொல்ல எந்தச் சாமியும் அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை. தன் முழங்காலையே தட்டிக்கொண்டாள்.

தட்டில் ஊசி வந்தது. கட்டிலில் கிடந்த யோங்லூவின் சட்டைக் கையை நர்ஸ் மடித்தாள். அப்போது அவன் இடது கையை நீட்டி டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்தான்.

"ஏழு இல்ல" என்றான், குழறலாக, ஆனால் தெளிவாகப் புரிகிற மாதிரி.

"என்ன?"

"எந்திரிக்கும்போதே. இருட்டா இருந்துச்சு. தலகாணி ஒரு பக்கத்துக் கன்னத்துக்குத்தான் தெரிஞ்சுது."

டாக்டரம்மா குனிந்தாள். "நேத்து படுக்கும்போது?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"நடுவுல முழிச்சீங்களா? நல்லா இருந்துச்சா அப்ப?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டாள். தூக்கத்தில் எப்போது அடைத்ததென்று யாருக்குத் தெரியும்? தெரியாதபோது படுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அந்தக் கணக்கில் ஊசிக்கு இடமில்லை. தட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

"மாமா, பேசாம இருந்திருக்கலாம்ல?" தாஜூன் சுவரில் குத்தினான். "அரை நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"அவளே உண்மையச் சொல்லிட்டா" என்றான் யோங்லூ.

மாத்திரை கொடுத்து வார்டில் போட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, நடப்பார், பேச்சும் சரியாகலாம், உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா. ஷுபின் விடவில்லை. விரலில் மொட்டெல்லாம் செத்துவிட்டதா என்று கேட்டாள். டாக்டரம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். இந்த ஊரில் இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"இல்லக்கா. மொட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. விரல்லயும் இருக்கு, உதட்லயும் இருக்கு. தொட்டா சேதி அனுப்பிக்கிட்டேதான் இருக்கும். மேல அத வாங்கிக்கத்தான் ஆள் இல்ல."

லெங் அத்தை போனில் கத்தினாள். மழை வந்துவிட்டதாம். பாதி அள்ளிவிட்டாளாம், பாதி கறுத்துவிட்டதாம். "ஒம் புருஷன் எப்படி இருக்கான்?" என்று அதையும் கத்தித்தான் கேட்டாள். இருக்காரு என்றாள் ஷுபின். தாஜூன் ஏதாவது சாப்பிட வாங்கி வருகிறேன் என்று கீழே போனான். அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

அவள் முக்காலியில் உட்கார்ந்து புருஷனின் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். முள் எடுத்த விரலில் துணி சுற்றியிருந்தார்கள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன்மேலா, தன்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம்.

"இருட்டுலயே தெரிஞ்சிருக்கு. பக்கத்துலதானய்யா படுத்திருந்தேன்? ஒரு ஒதை விட்டு எழுப்ப வேண்டியதுதான?"

"பயமா இருந்துச்சு."

"பயந்தா எழுப்பணும்ல?"

யோங்லூ கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். வார்த்தையை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். "எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அதான் நூடுல்ஸ் திங்கும்போது கேட்டேன்."

"அதுக்குப் பேரு கேக்கறதா?"

"கேட்டேன். நீ சிரிச்ச." அவன் அவள் பக்கம் தலையைத் திருப்பினான். அவளுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தான். "ஒனக்குத் தெரியாததா? மொட்டுக்காரியே சிரிக்கிறா, அப்ப ஒண்ணும் இல்லன்னு தோணுச்சு. அதுக்கப்புறம் எனக்குப் பயமே இல்ல ஷுபின்."

அவள் பிடித்திருந்த கையை இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். அவன் பதிலுக்கு இறுக்கவில்லை, முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்போதுதான் அது வலது கை என்று அவளுக்கு உறைத்தது.

அந்தக் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?" என்று கேட்டான்.

"எங்கயும் போகல" என்று சொல்லி, முக்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி அவனுடைய இடது பக்கத்துக்குப் போனாள்.